யானை பொறித்த செப்புக்காசு: சேரர் காலமா, திப்பு காலமா?

09.07.2023, வாசகர் கேள்வி

தாராபுரத்திற்குக் கிழக்கே எங்கள் பூமியில் தென்னைக்குக் குழி எடுத்தபோது வட்டமான செப்புக்காசு ஒன்று கிடைத்தது. ஒரு பக்கம் யானை தெளிவாக இருக்கிறது, மறுபக்கம் மண்ணும் பாசியும் ஏறிப் படிக்க முடியவில்லை. சமையலறைத் தராசு 10 கிராம் காட்டுகிறது. யானை இருப்பதால் சேரர் காசுதான் என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையா? இன்னும் தேடிப் பார்க்க மெட்டல் டிடெக்டர் வாங்கலாமா?

09.07.2023, இரவு

சேரர் காசாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. சங்ககாலச் சேரர் செப்புக்காசுகளில் யானை உண்டு என்பது சரிதான், ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை சதுரமாகவோ நீள்சதுரமாகவோ இருக்கும், மறுபக்கத்தில் வில்லும் அம்பும் காணப்படும். கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்தவர்களின் கைக்கு வந்தவை பெரும்பாலும் அந்த வகைதான். வட்டமாக, கனமாக, ஒரு பக்கம் முழுவதையும் யானையே அடைத்துக்கொண்டிருந்தால் முதலில் நினைக்க வேண்டியது மைசூரை. கொங்கு நாடு 1799 வரை ஹைதர், திப்பு ஆகியோரின் ஆட்சிக்குள் இருந்தது, திப்புவின் செப்புப் பைசாக்களில் யானைதான் அடையாளம். திப்புவின் ஒரு பைசா ஏறக்குறைய 11 கிராம் இருக்கும், தேய்ந்தால் குறையும். உங்கள் 10 கிராம் அதற்குப் பொருந்துகிறது. ஆகவே திப்பு என்றே சொல்வேன்.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன், காசைக் கழுவ வேண்டாம்.

10.07.2023

கருவியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் அதை வாங்கியது பழங்காசுக்காக அன்று. நான்கு ஆண்டுகளுக்கு முன் கடலைக்காய் பிடுங்கும்போது மருமகளின் வெள்ளிக் கொலுசு காட்டில் விழுந்துவிட்டது, அதே மாதம் மண்ணுக்குள் புதைந்துபோன பழைய பாசனக் குழாயின் வால்வு எங்கே என்று தெரியாமல் இரண்டு நாள் வெட்டிக்கொண்டிருந்தோம். இரண்டையும் காரணம் காட்டி வீட்டில் அனுமதி பெற்றேன். வால்வு முதல் நாளே கிடைத்தது. கொலுசு இன்றுவரை கிடைக்கவில்லை, அதை வைத்தே இன்றும் என்னைக் கிண்டல் செய்கிறார்கள்.

கருவிக்குக் காசு என்றோ கொலுசு என்றோ எதுவும் தெரியாது. அதன் வளையம் மண்ணுக்குள் ஒரு காந்தப் புலத்தைச் செலுத்துகிறது, உலோகம் இருந்தால் அதில் சிறு மின்னோட்டம் எழுந்து பதில் புலம் திரும்பி வருகிறது, அந்தப் பதில் எவ்வளவு தாமதமாக வருகிறது என்பதைப் பார்த்துத் திரையில் ஓர் எண்ணைக் காட்டுகிறது. என் கருவியில் இரும்பு ஆணி 20க்குக் கீழே உறுமும், செப்புக் காலணா 80க்கு மேல் மணி அடிப்பதுபோல ஒலிக்கும். 70களில் கேட்கும் இனிய ஒலிக்கு ஏமாந்து குனிந்தால் பத்தில் ஏழு முறை குவார்ட்டர் பாட்டில் மூடிதான் வரும். எங்கள் பூமியில் யார் யார் எந்த வரப்பில் உட்கார்ந்து குடித்தார்கள் என்பதை இப்போது என்னால் வரைபடமே போட்டுக் காட்ட முடியும்.

செம்மண்ணில் இரும்புச் சத்து மிகுதி என்பதால் ஒவ்வொரு முறையும் மண்ணுக்கேற்பக் கருவியைச் சமன்செய்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் வெறும் சரளைக்கல்லே கத்தும். மழை பெய்து ஒரு வாரம் கழித்துத் தேடுவது நல்லது. பெரிய தட்டையான இரும்பு, குறிப்பாகத் தேய்ந்த கொழு (ஏர் முனையில் மாட்டும் இரும்பு), செம்பைப் போலவே உயர்ந்த எண்ணைக் காட்டி ஏமாற்றும்.

13.07.2023

சட்டத்தைப் பற்றி முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். நீங்கள் இங்கிலாந்துக்காரர்களின் காணொளிகளைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்பது உங்கள் அடுத்த மடலிலிருந்து தெரிகிறது. அங்கே 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இருக்கிறது, புதையல் என்ற வரையறைக்குள் வராத சிறு பொருள்களையும் தானாக முன்வந்து பதிவுசெய்யும் ஏற்பாடு ஒன்றும் 1997 முதல் நடக்கிறது. நில உரிமையாளரின் அனுமதியோடு ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்காகத் தேடுகிறார்கள். இங்கே அப்படி ஓர் ஏற்பாடு இல்லை.

இங்கே இன்றும் நடப்பிலிருப்பது 1878ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம். மண்ணில் மறைந்திருந்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புடையதாக இருந்தால், அது என்ன, எவ்வளவு, எங்கே, எந்த நாளில் கிடைத்தது என்று மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 1878இன் 10 ரூபாய் வேறு, இன்றைய 10 ரூபாய் வேறு என்றாலும் சட்டத்தில் எண் அப்படியேதான் நிற்கிறது. சொல்லாமல் வைத்துக்கொண்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நூறாண்டுக்கு மேற்பட்ட காசு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருளாகிவிடுகிறது. அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்பக்கூடாது, உரிமம் இல்லாமல் வணிகமும் செய்யக்கூடாது. பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை தடைப்பகுதி, அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. கொடுமணல் போன்ற அகழாய்வு இடங்களின் பக்கம் கருவியோடு போவதை நினைத்தும் பார்க்காதீர்கள். நொய்யல் கரையில் இரும்பு உருக்கியதையும் மணிகள் செய்ததையும் பானை ஓட்டில் பெயர் எழுதியதையும் அடுக்கடுக்காகத் தோண்டித்தான் கண்டார்கள். ஓர் உலோகத் துண்டுக்காக நடுவில் குழி போட்டால் அந்த அடுக்குகள் கலைந்துபோகும்.

நான் என் சொந்தப் பூமியில், உழவு ஆழத்திற்குள் மட்டும் தேடுகிறேன். கிடைத்த காசுகளைப் பற்றி எழுத்தில் தெரிவிக்க ஓர் அலுவலகத்திற்குப் போனபோது, அங்கிருந்தவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தங்கம் ஏதும் இல்லைங்களா?" என்று இரண்டு முறை கேட்டார். இல்லை என்றதும் முத்திரை வைத்துக் கொடுத்தார். அந்த நகல் என்னிடம் இருக்கிறது. உங்களிடமும் ஒன்று இருக்கட்டும்.

16.07.2023

எங்கள் பூமி காங்கேயத்திற்கும் வெள்ளகோவிலுக்கும் இடையே இருக்கிறது. கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காடு, அதாவது மேய்ச்சல் காடு, பாதி, கிணற்றுப் பாசனம் பாதி. நான்கு ஆண்டுகளில் கிடைத்த ஒவ்வொன்றையும் வரைபடத்தாளில் புள்ளி வைத்துக் குறித்திருக்கிறேன். அறுபதுக்கும் மேற்பட்ட புள்ளிகளில் பெரும்பகுதி வடகிழக்கு மூலையில் அரை ஏக்கருக்குள் கூட்டமாக இருக்கிறது. மாட்டு லாடத் துண்டுகள் 14, வண்டிக் கடையாணிகள் 5, உலக்கைப் பூண் ஒன்று, காசுகள் 9. காசுகளுள் மூத்தது கும்பினியின் (கிழக்கிந்தியக் கம்பெனியின்) 1808ஆம் ஆண்டு 20 காசு நாணயம். ஒரு பக்கம் சிங்கங்கள் தாங்கிய கும்பினிச் சின்னம், மறுபக்கம் பாரசீக எழுத்து. அதற்கடுத்து 1835 காலணா, 1862க்குப் பின் வந்த விக்டோரியா ராணிக் காசுகள், ஐந்தாம் ஜார்ஜ், கடைசியாக ஓட்டைக் காலணா.

அந்த மூலையை ஒட்டித்தான் பழைய இட்டேரி, இருபுறமும் வேலியுள்ள வண்டிப்பாதை, செல்கிறது. என் முடிவு இதுதான்: கும்பினி காலத்தில் அங்கே வண்டிகள் நின்று இளைப்பாறும் சாவடி ஒன்று இருந்திருக்க வேண்டும். லாடம் கழன்றதும் கடையாணி விழுந்ததும் காசு சிந்தியதும் அங்கேதான். அந்த மூலை மண் மட்டும் கருஞ்சாம்பல் நிறமாக இருப்பதும், குனிந்து பார்த்தால் சிறு நத்தை ஓடுகள் கிடப்பதும்கூட அங்கே நெடுநாள் மனித நடமாட்டம் இருந்ததைத்தான் காட்டுகிறது. சமைத்த சாம்பலாக இருக்கும்.

17.07.2023

லாடத்தை எப்படி அடையாளம் கண்டீர்கள், குதிரை லாடம் வளைவாக இருக்குமே என்று கேட்டிருக்கிறீர்கள். மாட்டின் குளம்பு பிளவுபட்டது, ஆகவே ஒரு காலுக்கு இரண்டு தகடுகள். ஒவ்வொன்றும் பிறைநிலாவைப் பாதியாக வெட்டியது போன்ற மெல்லிய இரும்பு, வெளி விளிம்போரமாக ஆணித்துளைகள். துருவேறிய நிலையில் பார்த்தால் உடைந்த அரிவாள் நுனி என்றுதான் தோன்றும். நானும் முதல் மூன்றை அரிவாள் என்றே எழுதி வைத்திருந்தேன். துளையைக் கண்ட பிறகுதான் திருத்தினேன்.

22.07.2023

இது காசைப் பற்றியது அன்று, ஆனாலும் சொல்லாமலிருக்க முடியவில்லை. சென்ற வாரம் 84 என்ற எண்ணில் அருமையான ஒலி கேட்டது. ஒரு சாண் ஆழத்தில் பித்தளைக் கூம்பு ஒன்று கிடந்தது. நான்கு விரற்கடை நீளம், நுனியில் சிறு குமிழ், அடியில் இரண்டு வரிக்கோடுகள், உள்ளே வெற்றிடம், விளிம்பருகே எதிரெதிராக இரண்டு துளைகள். இரவு முழுவதும் யோசித்தேன். கொடிக்கம்பத்தின் தலையா, வேலின் அடிப்பூணா, பல்லக்குத் தண்டின் முனையா? கும்பினிப் படையின் ஈட்டி உறை என்றுகூட ஒரு பக்கத்திற்கு எழுதிவிட்டேன்.

காலையில் பால் ஊற்ற வந்த பாட்டி திண்ணையில் அதைப் பார்த்தார். எடுத்துச் சுட்டுவிரலில் மாட்டிக்கொண்டு என் முகத்துக்கு நேரே ஆட்டினார். "ஏனுங்க சாமி, கொம்புக் குப்பியத் தெரியலைங்களா? எங்க காரிக்கு நாலு சோடி இருந்துதுங்க."

காளையின் கொம்பு நுனியில் மாட்டும் குப்பி. எதிரெதிர்த் துளைகள் ஆணி அடித்து நிறுத்துவதற்காக. காங்கேயம் காளைகளின் நடுவே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியவில்லை, காரணம் எனக்கு நினைவு தெரிந்த நாளில் எங்கள் வீட்டில் டிராக்டர் வந்துவிட்டது. ஈட்டி உறை பற்றி எழுதிய பக்கத்தைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன், மகன் அதைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்கிறான்.

05.08.2023

உங்கள் மடல் வந்தது. அம்மா புளி போட்டுத் தேய்த்துவிட்டார்களா? அதன் பிறகு சாம்பலும் போட்டார்களா? பித்தளைக் குத்துவிளக்கைப் போல மின்னுகிறது என்று மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறீர்கள்.

நான் கோபப்படவில்லை. பத்து நிமிடம் தோட்டத்தில் நடந்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

06.08.2023

நேற்றுச் சுருக்கமாக எழுதிவிட்டேன், காரணத்தைச் சொல்ல வேண்டும். செப்பு நூற்றுக்கணக்கான ஆண்டுகள் மண்ணில் கிடக்கும்போது அதன் மேற்பரப்பே பச்சையாகவும் பழுப்பாகவும் மாறுகிறது. அது அழுக்கு அன்று, காசின் தோல். எழுத்தின் மேட்டுப்பகுதி பல நேரங்களில் அந்தத் தோலில்தான் நின்றுகொண்டிருக்கும். புளியின் அமிலம் அதைக் கரைக்கிறது, சாம்பல் தேய்க்கிறது, விளக்குக்கு நல்லது, காசுக்குக் கேடு. எழுத்தோடு சேர்த்து எடையும் கொஞ்சம் போகும். நான் செய்வது இவ்வளவுதான்: வடிகட்டிய நீரில் சில நாள் ஊறவைத்து, நாள்தோறும் நீரை மாற்றி, மூங்கில் குச்சியின் நுனியால் மண்ணை மட்டும் தள்ளி, நிழலில் உலர்த்தி வைப்பேன். பசைபோல வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்துகொண்டே இருந்தால் அது வேறு நோய், அந்தக் காசை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள்.

ஆனால் நீங்கள் அனுப்பிய புதிய படத்தைப் பார்த்தபின் என் முதல் நாள் பதிலைத் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது. யானையின் முதுகுக்கு மேலே இடப்பக்கம் ஒரு வட்டம், வலப்பக்கம் ஒரு பிறை, நடுவே ஏதோ ஓர் எழுத்து தெரிகிறது. சூரியனும் சந்திரனும் திப்புவின் யானைக்கு மேல் இப்படி வருவதில்லை. மறுபக்கத்தை மாலை வெயிலில், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி எடுத்து அனுப்புங்கள். வெளிச்சம் நேராக மேலிருந்து விழுந்தால் தேய்ந்த எழுத்து மறைந்துவிடும்.

19.08.2023

திப்பு காசுகளைப் பற்றி வேறொருவர் தனியே கேட்டதால் இங்கேயே எழுதுகிறேன். மறுபக்கத்தில் அக்கசாலையின், அதாவது காசு அடித்த இடத்தின், பெயர் பாரசீக எழுத்தில் இருக்கும், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அடித்தவற்றில் 'பட்டண்' என்று வரும். ஆண்டுதான் வேடிக்கை. ஆட்சியின் தொடக்கத்தில் இஸ்லாமிய ஹிஜ்ரி ஆண்டை வழக்கம்போல இடமிருந்து வலமாக எழுதினார்கள், 1787 முதல் மௌலூதி என்ற புதிய ஆண்டுக் கணக்கைக் கொண்டுவந்தபோது எண்களை வலமிருந்து இடமாக எழுதத் தொடங்கினார்கள். ஆகவே 1215 என்ற ஆண்டு, நாம் படிக்கும் வரிசையில் 5121 என்று தெரியும். எதிர்காலத்துக் காசு கிடைத்துவிட்டது என்று பதற வேண்டாம்.

08.10.2023

ஜூலை 16ஆம் நாள் குறிப்பைப் படித்தவர்கள் அதை மறந்துவிடுங்கள். சாவடி இல்லை, இளைப்பாறிய வண்டிகளும் இல்லை.

புரட்டாசி சனிக்கிழமைக்குப் பெரியப்பா வந்திருந்தார், வயது 78. வரைபடத்தாளை அவர் முன் விரித்து, புள்ளிக்கூட்டத்தைக் காட்டி, சாவடிக் கதையை மிகவும் சிறப்பாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் வெற்றிலையை மென்று முடிக்கும்வரை காத்திருந்தேன். "அந்த மூலைக்கு நான்தானப்பா வண்டல் அடிச்சேன். காமராசர் செத்த வருசத்துக் கோடை. குளம் காஞ்சு கெடந்துது. நம்ம வண்டி ரெண்டு, பக்கத்துத் தோட்டத்து வண்டி மூணு. ரெண்டு மாசம் அடிச்சோம்" என்றார்.

1975. அந்தக் கருஞ்சாம்பல் மண் சமையல் சாம்பல் அன்று, ஊர்க் குளத்து வண்டல். நத்தை ஓடுகள் குளத்து நத்தையுடையவை. செம்மண் மேட்டில் நத்தை ஓடு ஏன் கிடக்கிறது என்று கேட்காமல், அதையே என் கதைக்குச் சான்றாகப் போட்டிருக்கிறேன். காசுகள் குளத்தில் விழுந்தவை. குளிக்கப் போனவர், மாடு கழுவப் போனவர், வேண்டுதலுக்கு எறிந்தவர் என்று 1808க்குப் பின் வந்த பல தலைமுறையினருடைய காசு அது. கும்பினியின் 20 காசு அந்தக் குளத்தில் விழுந்தது எந்த ஆண்டு என்பதைக் காசு சொல்லாது. அச்சடித்த ஆண்டை மட்டுமே அது சொல்லும்.

இன்னும் வேடிக்கை, லாடங்களும் கடையாணிகளும் குளத்திலிருந்து வந்தவை அல்ல. வண்டல் பாரத்தோடு வரப்பேறி இறங்கிய ஐந்து வண்டிகள் அந்தக் கோடையில் உதிர்த்தவை அவை. பெரியப்பா ஒரு கடையாணியைக் கையில் எடுத்து, தட்டையான தலையில் இருந்த வெட்டுக்குறியைத் தடவிப் பார்த்துவிட்டு, இது பக்கத்துத் தோட்டத்து வண்டியினுடையது, இது கழன்று சக்கரம் ஓடிப்போன நாளில் அவர்கள் அப்பா தன்னை அடித்தார் என்றார். 1808 காசும் 1975 கடையாணியும் ஒரே அரை ஏக்கரில், ஒரே சாண் ஆழத்தில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன, நானோ அவற்றை ஒரே காலத்தவை என்று கட்டிப்போட்டுவிட்டேன்.

09.10.2023

சென்ற ஆண்டு அதே மூலையில் அறுகோண அலுமினிய 3 பைசா, 1968 என்று ஆண்டிட்டது, கிடைத்திருந்தது. "பிற்காலத்தது, பொருட்படுத்த வேண்டாம்" என்று எழுதி எண்ணிக்கையில் சேர்க்காமல் விட்டிருக்கிறேன். சாவடிக் கதையை அன்றே நிறுத்தியிருக்கக்கூடிய ஒரே பொருள் அதுதான். இன்று அதைப் பத்தாவது காசாகச் சேர்த்தேன்.

26.11.2023

ஐப்பசி மழைக்குப் பிறகு மண் பதமாக இருந்ததால் கிணற்று மேட்டுப் பக்கம் போனேன். கவலை இறைத்த, அதாவது மாடு பூட்டிக் கிணற்று நீரை இறைத்த, வாரியின் சரிவு இன்னும் தெரிகிறது. மாடுகள் இறங்கி ஏறிய தடத்தில் இரும்பு அடுக்கடுக்காக ஒலிக்கிறது. உருளையின் அச்சுத்தண்டு, நீர் அள்ளும் சாலின் வாய்வளையத்தில் பாதி, வடக்கயிறு மாட்டும் கொக்கி ஒன்று. நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் 1932இல் உற்பத்தியாகத் தொடங்கியபின் கோவை வட்டாரம் பம்புசெட்டுக்கு மாறியது, எங்கள் கிணற்றுக்கு மோட்டார் வந்தது மிகவும் பின்னால்தான். சால் அப்போது கழற்றிப் போடப்பட்டது.

இந்த இரும்புகளை எங்கள் ஊர்ப் பட்டறை ஆசாரியாரிடம் கொண்டுபோனேன். அவர் காலத்தைப் பார்ப்பதில்லை, சேர்த்த இடத்தைப் பார்க்கிறார். சம்மட்டியால் அடித்துக் காய்ச்சி இணைத்த மூட்டில் மெல்லிய கோடு ஓடும், வெல்டிங் வைத்ததில் குமிழ் நிற்கும். வெல்டிங் இருந்தால் எங்கள் ஊருக்குக் கரண்டு வந்தபின் செய்தது என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார். நான் இரண்டு மாதம் செய்ததைவிட நல்ல வகைப்பாடு அது.

துருப்பிடித்த இரும்பைப் பாதுகாக்க அவர் சொன்ன வழி கடுக்காய். கொட்டை நீக்கி இடித்து, நீரில் ஓரிரவு ஊறவைத்து, தளர்ந்த துருவைக் கம்பித் தூரிகையால் நீக்கிய இரும்பில் அந்த நீரைப் பூசினால் சில மணி நேரத்தில் கருநீலமாகக் கறுத்துவிடுகிறது. கடுக்காயின் துவர்ப்பில் உள்ள டானின் துருவோடு சேர்ந்து கரும்பூச்சாக மாறுவதுதான் காரணம். மேலே மெழுகு பூசிவிட்டால் மழைக்காலத்தையும் தாங்குகிறது. எங்கள் தேய்ந்த கொழுக்கும் லாடத்துக்கும் இது சரி. பழமையான இரும்பு என்று சந்தேகம் இருந்தால் எதையும் பூசாமல் அருங்காட்சியகத்தாரிடம் காட்டுங்கள்.

28.11.2023

ஒரு சிறு திருத்தம். வடக்கயிறு மாட்டும் கொக்கி என்று நான் எழுதியது ஏணியின் கொக்கி என்று பெரியப்பா தொலைபேசியில் சொல்லிவிட்டார்.

17.12.2023

ஓட்டைக் காலணாவை நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். 1943 முதல் 1947 வரை, போர்க்காலத்தில் உலோகத்தை மிச்சப்படுத்த நடுவில் துளையிட்டு அடித்த காசு, எடை 2 கிராம் அளவுதான். வாரியோரம் இரும்புக் கலப்பையின் உடைந்த கை ஒன்று கிடைத்தது. போல்ட்டைச் சுற்றி மண்ணைக் கொத்திக் கொத்தி எடுத்தபோது, நட்டுக்கு அடியில் பச்சையாக ஒரு வளையம் தெரிந்தது. நகத்தால் சுரண்டியபோது கிரீடத்தின் பாதி வெளிப்பட்டது. கடைக்குப் போய் வாசர் வாங்கச் சோம்பேறித்தனப்பட்டவர் யாரோ, காலணாவையே வாசராகப் போட்டு முடுக்கியிருக்கிறார். இன்னும் கழற்றவில்லை. கழற்றினால் காசு ஒரு காசாகவும் போல்ட் ஒரு போல்ட்டாகவும் ஆகிவிடும், எனக்கு இரண்டும் சேர்ந்த நிலையில்தான் வேண்டும்.

07.01.2024

எடையைப் பற்றி முன்பே விரிவாக எழுதியிருக்கலாம். பழைய காலணா 100 கிரெய்ன், அதாவது 6.48 கிராம், தூய செம்பு. 1906இல் அதை வெண்கலமாக மாற்றி 75 கிரெய்னாக, 4.86 கிராமாகக் குறைத்தார்கள். ஆகவே முகமும் ஆண்டும் முற்றிலும் தேய்ந்த காலணா கையில் இருந்தாலும், 6 கிராமுக்கு மேல் இருந்தால் 1906க்கு முந்தியது, 5 கிராமுக்குக் கீழே இருந்தால் பிந்தியது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். விக்டோரியா தலையில் ராணி என்று இருந்தால் 1876 வரை, பேரரசி என்று இருந்தால் 1877 முதல். இதற்கெல்லாம் ஒரு கிராமுக்கு ஒரு கிராம் தாவும் சமையலறைத் தராசு உதவாது. நகைக்கடையில் நின்று கெஞ்சியாவது நிறுத்துப் பாருங்கள்.

1808ஆம் ஆண்டுக் காசு ஒன்று சேகரிப்பாளர்களிடம் பளபளவென்று மிகவும் தெளிவாகக் கிடைக்கிறதே, உங்களுடையது ஏன் இப்படி இருக்கிறது என்று ஒருவர் கேலி செய்திருந்தார். அவை பெரும்பாலும் கப்பல் மூழ்கியபோது கடலுக்குள் போனவை. பர்மிங்காமின் சோஹோ அக்கசாலையில் அடித்துச் சென்னைக்கு அனுப்பிய 10 காசு, 20 காசுகளை ஏற்றிக்கொண்டு வந்த அட்மிரல் கார்டனர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் அவற்றை வெளியே எடுத்தார்கள். ஒருவர் கையிலும் புழங்காத காசு அது. எங்கள் குளத்துக் காசில் எவ்வளவு தேய்மானம் இருக்கிறதோ அவ்வளவு உப்பும் புளியும் அதைக்கொண்டு வாங்கியிருக்கிறார்கள்.

21.01.2024

தாராபுரத்து நண்பரின் காசு தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். பொங்கலுக்கு நகைக்கடையில் நிறுத்துப் பார்த்திருக்கிறார், 9 கிராமுக்குச் சற்று மேல். 10 என்று காட்டியது தராசின் பிழை, புளி தின்றது போக இவ்வளவு. பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படத்தில் யானைக்கு மேலே சூரியன், சந்திரன், நடுவே கன்னட 'ஸ்ரீ' தெரிகிறது. மறுபக்கத்தில் ரோமன் எண்ணில் இருபது, அதனருகே ஆங்கிலத்தில் 'கேஷ்' என்பதன் முதல் இரண்டு எழுத்துகள். இது மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் 20 காசு. திப்பு 1799இல் வீழ்ந்தபின் பட்டத்துக்கு வந்தவர், யானையை விடாமல் வைத்துக்கொண்டார், மேலே ஸ்ரீயைச் சேர்த்தார். சேரரும் இல்லை, நான் அவசரப்பட்டுச் சொன்ன திப்புவும் இல்லை.

அப்போது கோவை வட்டாரம் கும்பினியிடம் வந்துவிட்டது, மைசூர்க் காசு இங்கே எப்படி என்று கேட்கிறீர்கள். எல்லை மாறியதும் சந்தைக்கு வரும் ஆள் மாறிவிடுவதில்லை. கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கும் அந்தியூருக்கும் மலை கடந்து மாடு வாங்க வந்தவர்களின் மடியில் எந்த அரசனின் காசும் இருந்திருக்கும். இது என் ஊகம்தான், வண்டல் கதைக்குப் பிறகு ஊகம் என்று சொல்லிவிட்டே எழுதுகிறேன். உங்கள் பூமிக்கு யாராவது எப்போதாவது வெளி மண் அடித்தார்களா என்பதை முதலில் பெரியவர்களிடம் கேளுங்கள்.

04.02.2024

காசு இப்போது பூசைத் தட்டில் இருக்கிறது, அம்மா அங்கிருந்து எடுக்க விடமாட்டேன் என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கட்டும், எழுத்தில் தெரிவித்த நகல் உங்களிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் விளக்கோடு சேர்த்து அதற்கும் புளி போடுவதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். காசு கிடைத்த தென்னங்குழி மூன்றாவது வரிசையா நான்காவது வரிசையா என்பதில் உங்களுக்கும் உங்கள் தம்பிக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை என்று தெரிகிறது. கன்றுகள் எல்லாம் ஒரே உயரம் ஆவதற்கு முன்னால், இந்த ஞாயிற்றுக்கிழமையே இருவரும் போய் நின்று பார்த்து, வரிசை எண்ணையும் கன்றின் எண்ணையும் எழுதி வையுங்கள்.